வாசலில் நின்று பாடியவர்

(நல்லாயன் ஞாயிறு வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று பாஸ்கா காலத்தின் 4ஆம் ஞாயிறு. நல்லாயன் ஞாயிறு என்று இதை அழைக்கிறோம். 2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலகத் திருச்சபைக்கு ஆயராகத் திருத்தந்தை 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்காகவும் மன்றாடுகிறோம்.

இன்றைய நற்செய்தி மிகச் சிறியது, யோவான் 10ஆம் அதிகாரத்தில் நான்கே வசனங்கள். ஆடுகள் தம் குரலைக் கேட்கும் என்கிறார் ஆண்டவர். தமது கையிலிருந்து எவரும் அவற்றைப் பறித்துக்கொள்ள முடியாது என்றும் உறுதி தருகிறார். பதிலுரைப் பாடலாக நாம் பாடுவது திருப்பாடல் 100. உலகத்தார் எல்லாரும் ஆண்டவரை மகிழ்ந்து பாட வேண்டும், நன்றியோடு அவருடைய ஆலய வாசலுக்குள் வர வேண்டும் என்று அழைக்கும் பாடல் அது. நாம் எல்லாரும் அவர் மேய்க்கும் மந்தை என்று அறிக்கையிடும் பாடலும் அதுதான்.

இந்தத் திருப்பாடலுக்கு மாபெரும் இசை அமைத்த ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1916ஆம் ஆண்டு, இதே மே மாதம் 11ஆம் நாள்தான் அவர் இறந்தார். அவர் பெயர் மாக்ஸ் ரேகர். ஜெர்மனி நாட்டவர், ஆர்கன் வாசிப்பவர், இசையமைப்பாளர். நம்மைப் போலக் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். ஆனால் ஆலய வாசலுக்குள் நன்றியோடு வாருங்கள் என்ற அழைப்புக்கு அவர் இசை அமைத்த நாள்களில், நற்கருணைப் பந்திக்கு வர அவருக்கு அனுமதி இல்லை. அவர் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தார்.

அது எப்படி நேர்ந்தது? அவரது கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

மாக்ஸ் ரேகர் 1873ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், புனித யோசேப்பின் திருவிழாவன்று, பவேரியாவில் பிராண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையின் பெயரும் யோசேப்புதான், பள்ளி ஆசிரியர். தாய் பிலோமினா பக்தி நிறைந்த பெண்மணி. மறு ஆண்டே குடும்பம் வைடன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மாக்ஸ் வளர்ந்தது அங்கேதான்.

வசதியான வீடல்ல, ஆனால் இசை நிறைந்த வீடு. பியானோவில் முதல் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. அப்பாவுக்குப் பல இசைக் கருவிகள் தெரியும். பள்ளிக்கூடத்தில் பழுதாகிக் கழித்துப் போட்ட ஓர் ஆர்கனை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சரிசெய்தார். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருளைத் திரும்பப் பாடவைக்க முடியும் என்பதை அந்தப் பிள்ளை தன் வீட்டிலேயே பார்த்தது.

ஆர்கன் என்றால் நம் கோவில்களில் உள்ள கீபோர்டையோ ஹார்மோனியத்தையோ மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பியக் கோவில்களில் அது சுவரளவு உயர்ந்து நிற்கும் கருவி. சிறியதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும். துருத்தியிலிருந்து வரும் காற்று அந்தக் குழாய்களுக்குள் போய் ஒலியாகும். வாசிப்பவர் இரண்டு கைகளாலும் இரண்டு மூன்று வரிசைக் கட்டைகளில் வாசிப்பார். கீழே கால்களுக்கென்று இன்னொரு வரிசை உண்டு. மூச்சுக் காற்றைப் போன்ற மெல்லிய ஒலியும் அதில் வரும், கோவில் தூண்களை அதிரவைக்கும் முழக்கமும் வரும்.

பதின்மூன்று வயதிலிருந்தே மாக்ஸ் வைடன் ஊரின் பங்கு ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கினான். அடால்பெர்ட் லிண்ட்னர் என்ற ஆசிரியர் அவனுக்கு வழிகாட்டினார். அந்தப் புனித மிக்கேல் ஆலயத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 1900ஆம் ஆண்டுவரை கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் அந்த ஒரே ஆலயத்தைப் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். நம்முடைய திருப்பலியும் அவர்களுடைய வழிபாடும் ஒரே கூரைக்குக் கீழே, வெவ்வேறு நேரத்தில் நடந்தன. இலத்தீன் திருப்பலிப் பாடல்களோடு லூத்தரன் சபையின் ஞானப்பாட்டுகளும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் காதில் விழுந்தன. பிற்காலத்தில் ரேகர் எழுதிய இசைக்கு இந்த இரண்டு ஊற்றுகளும் தண்ணீர் தந்தன.

1888ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகங்களைக் கேட்டான். இசைதான் இனி தன் வாழ்வு என்று தீர்மானித்தான். மகன் தம்மைப் போல ஆசிரியராவான் என்று நினைத்திருந்த தந்தைக்கு இது எளிதாக இல்லை. ஆனால் லிண்ட்னர் மாணவனின் படைப்புகளை ஹூகோ ரீமன் என்ற புகழ்பெற்ற இசை அறிஞருக்கு அனுப்பிவைத்தார். 1890இல் ரீமனிடமே மாணவனாகச் சேர வழி பிறந்தது.

அன்பார்ந்தவர்களே, இனி எல்லாம் ஏறுமுகம்தான் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. படிப்பு முடிந்தது, ஆனால் நிலையான வேலை அமையவில்லை. கட்டாய இராணுவ சேவைக்குப் போனார், அங்கே உடல்நலம் கெட்டது. கடன் ஏறியது. குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. 1898ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதில், உடலும் மனமும் நொறுங்கிய நிலையில் வைடனில் உள்ள பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வெளியூரில் படித்து முன்னேறுவான் என்று அனுப்பிவைத்த மகன் இப்படி வந்து நின்றால் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. மகனை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில், அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்ததுதான் வியப்பு. நோயாளியாக வந்த அந்த மனிதரின் கையிலிருந்து ஆர்கன் இசை வெள்ளமாகப் புறப்பட்டது. ஜொகான் செபஸ்தியான் பாக் என்ற மாமேதையின் பெயரை எடுத்துக்கொண்டார். பி, ஏ, சி, எச் என்ற அந்த நான்கு எழுத்துகளுக்கும் ஜெர்மானிய வழக்கப்படி நான்கு சுரங்கள் உண்டு. அந்த நான்கு சுரங்களை மட்டும் வித்தாக வைத்து 1900இல் ஒரு பெரும் படைப்பை எழுதினார். பாக் லூத்தரன் சபையினர். அந்தப் படைப்பை ரேகர் காணிக்கையாக்கியதோ யோசேப் ரைன்பெர்கர் என்ற கத்தோலிக்க இசையமைப்பாளருக்கு.

லூத்தரன் ஞானப்பாட்டுகளை எடுத்து ஏழு நீண்ட ஆர்கன் படைப்புகளையும் அந்த ஆண்டுகளில் எழுதினார். அவற்றில் ஒன்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையைப் பற்றிய பாட்டு. நள்ளிரவு இருட்டைப் போல மிகத் தாழ்ந்த ஒலியில் தொடங்கும். மணமகன் வருகிறார் என்ற செய்தி வர வர வெளிச்சம் கூடும். கடைசியில் ஆர்கன் முழுவதும் முழங்கும். இரவில் படுத்துக் கிடந்த ஒருவர் விடியலைப் பற்றி எழுதிய இசை அது.

இந்த இசையை முதலில் உலகறியச் செய்தவர் யார் தெரியுமா? கார்ல் ஸ்ட்ராவ்பே என்ற ஆர்கன் கலைஞர். ரேகரின் வயதுதான் அவருக்கும். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். மற்றவர்கள் இதை மனிதர் வாசிக்கவே முடியாது என்றார்கள். ஸ்ட்ராவ்பே வாசித்துக் காட்டினார். பின்னர் அவர் லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில், பாக் பணியாற்றிய அதே ஆலயத்தில், ஆர்கன் கலைஞராகி, ரேகரின் இசையை அங்கேயும் ஒலிக்கச் செய்தார். ரேகர் சாகும்வரை அவர்கள் நண்பர்களாக இருந்தார்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இன்னொரு படைப்பு. 1901ஆம் ஆண்டு ரேகர் கத்தோலிக்கக் கோவில்களுக்காக ஒரு தொகுப்பு எழுதினார். பெரிய மேதைகளுக்காக அல்ல, சாதாரணப் பங்குப் பாடகர் குழுக்களுக்காக. எளிதில் பாடக்கூடியவை என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். அதில் மரியன்னைப் பாடல்கள் உண்டு, இறந்தோருக்கான பாடல்கள் உண்டு. நற்கருணை ஆசீருக்கு முன் நாம் 'மாண்புயர்' பாடுகிறோமே, அந்த இலத்தீன் பாடலுக்கு மட்டும் பதினாறு விதமாக இசை அமைத்திருக்கிறார். நற்கருணை ஆண்டவருக்கு முன் ஓர் ஏழைப் பங்கின் பாடகர் குழு முழந்தாளிட்டுப் பாட வேண்டும் என்பதற்காகப் பதினாறு இசையமைப்புகள்!

அதற்கு மறு ஆண்டு அவர் நற்கருணையிலிருந்து விலக்கப்பட்டார்.

1901இல் குடும்பத்தோடு மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவர் நேசித்த பெண் எல்சா. எல்சா சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர், அதோடு ஏற்கெனவே மணமாகி விவாகரத்துப் பெற்றவர். ரேகரின் பெற்றோருக்கு இதில் விருப்பமே இல்லை. 1902ஆம் ஆண்டு அவர்கள் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே மணம் செய்துகொண்டார்கள். அன்றைய திருச்சபைச் சட்டத்தின்படி அதற்குரிய தண்டனை திருச்சபையின் உறவிலிருந்து விலக்கம். அது ரேகர்மீது விழுந்தது.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நாம் நிதானமாகப் பேச வேண்டும். திருமணம் பிரிக்க முடியாதது என்பது திருச்சபை தானாகக் கண்டுபிடித்த விதி அல்ல. அது ஆண்டவர் இயேசுவின் போதனை. அதை யாரும் மாற்றப்போவதில்லை, நானும் மாற்றிச் சொல்ல வரவில்லை. ரேகரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. குடி அவரை விட்டு விட்டுப் பிடித்தது. நாக்கில் கூர்மை இருந்தது. ஓய்வென்பதே அறியாமல் தன் உடலைத் தானே வருத்திக்கொண்டார். என் கேள்வி வேறு. விலக்கப்பட்ட பிறகு அந்த மனிதர் என்ன செய்தார்?

கோபித்துக்கொண்டு கடவுளையே விட்டுவிட்டாரா? என்னை வேண்டாம் என்றவர்களுக்கு நான் ஏன் பாட வேண்டும் என்று ஆர்கனை மூடிவிட்டாரா? இல்லை. அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

1905இல் மியூனிக் இசைக் கழகத்தில் ஆசிரியரானார், ஓராண்டிலேயே விலகினார். 1907இல் லைப்சிக் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். எல்சாவுக்கும் அவருக்கும் குழந்தைகள் இல்லை. கிறிஸ்தா, லோத்தி என்ற இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். பகலெல்லாம் பாடம், இரவெல்லாம் ரயில் பயணம், ஊர் ஊராகக் கச்சேரி, கிடைத்த நேரமெல்லாம் எழுத்து. இப்படித்தான் அவர் வாழ்க்கை ஓடியது.

அந்த நாள்களில்தான் திருப்பாடல் 100 அவர் கைக்கு வந்தது. யேனா நகரின் பல்கலைக்கழகம் தனது 350ஆம் ஆண்டு விழாவை 1908இல் கொண்டாடியது. அதற்காக இந்தத் திருப்பாடலின் முதல் பகுதிக்கு இசை அமைத்தார். பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்துச் சிறப்பித்தது. 1909இல் மற்ற பகுதிகளையும் எழுதி முடித்தார். பெரிய பாடகர் குழு, முழு இசைக்குழு, ஆர்கன், எல்லாம் சேர்ந்து பாடும் அரை மணி நேரத் திருப்பாடல். பிறகு பல இடங்களில் பாடப்பட்டது.

நம் திருவிவிலியத்தில் ஐந்தே வசனங்கள் கொண்ட சிறிய பாடல் அது. ரேகர் அதை நான்கு பகுதிகளாக்கினார். தொடக்கத்தில் உலகத்தையே தட்டி எழுப்பும் முழக்கம். அடுத்து, ஆண்டவரே கடவுள், நம்மைப் படைத்தவர் அவரே என்னும் இடத்தில் இசை அடங்கிப்போகிறது. படைத்தவர் முன் படைப்பு வாயடைத்து நிற்பது போல. மூன்றாவது பகுதி ஆலய வாசலுக்குள் நன்றியோடு நுழைய அழைக்கும் வசனம். அங்கே ஆரவாரம் இல்லை. இசை மென்மையாக நடக்கிறது. கடைசிப் பகுதி, ஆண்டவர் நல்லவர், அவருடைய இரக்கம் முடிவில்லாதது என்ற அறிக்கை. அங்கே ஒரு குழு மெட்டைத் தொடங்க, அடுத்த குழு சற்றுப் பின்னால் அதே மெட்டை எடுக்க, அடுத்தடுத்துக் குரல்கள் சேர்ந்து மலைபோல் உயர்கின்றன. அந்த உச்சியில் எக்காளங்களும் பிற ஊதுகருவிகளும் மார்ட்டின் லூத்தரின் புகழ்பெற்ற ஞானப்பாட்டின் மெட்டை முழங்குகின்றன. வைடன் ஆலயத்தில் வெவ்வேறு நேரத்தில் கூடிய இரண்டு சபைகளும் இங்கே ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவது போல எனக்குத் தோன்றும்.

இப்போது அந்த மூன்றாவது பகுதியைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். நன்றியோடு உள்ளே வாருங்கள் என்று எல்லாரையும் அழைக்கும் வசனம். அதற்கு இசை எழுதியவர் வாசலில் நிறுத்தப்பட்டவர். தனக்குச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களை நோக்கி உள்ளே போங்கள், நன்றி சொல்லிக்கொண்டே போங்கள் என்று பாடுகிறார். அந்த இசையில் வெறுப்பு இல்லை, நன்றி மட்டுமே கேட்கிறது.

சகோதர சகோதரிகளே, நம்முடைய பங்கிலும் இப்படி வாசலில் நின்று பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் வரும்போது, கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு, பிள்ளைகளைக் காப்பாற்ற இன்னொருவரோடு வாழ்க்கை அமைத்துக்கொண்ட பெண். முதல் திருமணம் முறிந்து, பதிவு அலுவலகத்தில் மறுமணம் செய்துகொண்ட ஆண். அவர்களுடைய பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறார்கள். கோவில் திருவிழாவுக்கு அவர்களும் வரி கொடுக்கிறார்கள். பாடல் வரும்போது அவர்கள் வாயும் பாடுகிறது. பந்திக்கு மட்டும் அவர்கள் வருவதில்லை.

நாம் அவர்களை எப்படிப் பார்க்கிறோம்? யார் நன்மை வாங்கப் போகவில்லை என்று திரும்பிப் பார்க்கும் கண்கள் நம்மிடம் உண்டா இல்லையா? திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பற்றிப் பேசும் நாக்கு நம்மிடம் உண்டா இல்லையா? அன்பியக் கூட்டத்தில் அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போகிறோமா இல்லையா? திருச்சபை கொடுக்காத தண்டனையை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், ரேகரின் காலத்துச் சட்டம் இன்று இல்லை. 1981இல் புனித திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், குடும்பங்களைப் பற்றிய தமது திருத்தூது ஊக்கவுரையில், விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்தவர்கள் தாங்கள் திருச்சபையிலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்று எண்ணாதபடி அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்று ஆயர்களையும் அருள்பணியாளர்களையும் இறைமக்களையும் கேட்டுக்கொண்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல், அதாவது ரேகர் இறந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, இன்னும் தெளிவாக எழுதினார். அவர்கள் விலக்கப்பட்டவர்கள் அல்ல, அவர்கள் திருச்சபையின் பிள்ளைகள், அப்படி அவர்கள் உணரும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய போதனை. திருமணத்தைப் பற்றிய ஆண்டவரின் வார்த்தையும் மாறவில்லை, ஆயனின் கையும் தளரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் கடினம். அந்தக் கடினத்தைத்தான் திருச்சபை நம்மிடம் கேட்கிறது.

அப்படி வாசலில் நிற்கும் ஒருவர் இப்போது வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்புச் சகோதரரே, சகோதரியே, உங்களிடம் நேராக மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். பந்திக்கு வர முடியாதவருக்கும் இறைவார்த்தை உண்டு, மன்றாட்டு உண்டு, ஆசீர் உண்டு, இறைமக்களோடு சேர்ந்து பாடும் உரிமை உண்டு. உங்கள் குரலை ஆயன் அறிவார்.

இரண்டாவது, உங்கள் பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசுங்கள். முதல் திருமணம் உண்மையாகவே செல்லத்தக்கதாக இருந்ததா என்று ஆராய ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் வழிமுறை உண்டு. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நடைமுறையை எளிதாக்கினார், காலதாமதத்தையும் குறைத்தார். பல வருடம் பாரம் சுமந்த எத்தனையோ பேர், கேட்டிருந்தால் முன்பே வழி கிடைத்திருக்குமே என்று பிறகு சொல்கிறார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் கையில் உள்ள வேலையை ஆண்டவருக்காகச் செய்துகொண்டே இருங்கள். சமாரியப் பெண்ணை நினைத்துப்பாருங்கள். ஐந்து கணவர்கள் இருந்த கதை அவளுடையது. ஆண்டவர் முதலில் அவளிடம் கேட்டது தண்ணீர். அவளால் கொடுக்க முடிந்த ஒன்றைக் கேட்டார். அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய உண்மையை அதன் பிறகுதான் பேசினார், மறைக்காமல் பேசினார். அவளோ ஊருக்கே நற்செய்தி சொல்லும் தூதர் ஆனாள். ரேகரிடம் இருந்தது இசை. அதைக் கொடுத்தார். உங்களிடம் இருப்பது தையலாக இருக்கலாம், நோயாளியைக் கவனிக்கும் பொறுமையாக இருக்கலாம், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் அன்பாக இருக்கலாம். அதைக் கொடுங்கள்.

ரேகரின் கடைசி ஆண்டுகளையும் சொல்லிவிடுகிறேன். 1911இல் மைனிங்கன் அரசவையின் இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. மறு ஆண்டு, தன் வளர்ப்பு மகள்களின் பெயரில் குழந்தைப் பாடல்கள் சிலவற்றை எழுதினார். அதில் ஒன்று மரியன்னையின் தாலாட்டு. ரோஜாத் தோட்டத்தில் அன்னை மரியா குழந்தை இயேசுவை மடியில் வைத்துத் தூங்கவைக்கும் சின்னஞ்சிறு பாடல். பழைய கிறிஸ்துபிறப்புப் பாட்டு ஒன்றின் சாயல் அந்த மெட்டில் கேட்கும். மலைபோன்ற படைப்புகளை எழுதியவரின் பெயர் இன்று உலகமெங்கும் அதிகம் அறியப்படுவது இந்தத் தாலாட்டால்தான். அன்னையின் வணக்க மாதமாகிய இந்த மே மாதத்தில் அதையும் நினைத்துக்கொள்வோம். பந்தியிலிருந்து விலக்கப்பட்டவரை அன்னையின் மடியிலிருந்து யாரும் விலக்கவில்லை.

1913இல் பிரெஸ்லாவ் நகரில் கட்டப்பட்ட மாபெரும் அரங்கத்தில் அன்றைய உலகின் மிகப் பெரிய ஆர்கன் நிறுவப்பட்டது. அதன் தொடக்க விழாவுக்கு ரேகர் எழுதினார், ஸ்ட்ராவ்பே வாசித்தார். பிரெஸ்லாவ் இன்று போலந்து நாட்டின் வ்ரோட்ஸ்வாஃப் நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆர்கனின் பல பகுதிகளை எடுத்து அங்குள்ள கத்தோலிக்கப் பேராலயத்தில் சேர்த்தார்கள். ரேகரின் இசைக்காக முதன்முதலில் மூச்சுவிட்ட குழாய்கள் இப்போது திருப்பலியில் ஒலிக்கின்றன. ஆண்டவர் தமது வேலையை எந்த வழியில் முடிப்பார் என்று நமக்குத் தெரியாது.

1914இல் ஒரு கச்சேரிக்குப் பிறகு ரேகர் உடல் நொறுங்கி விழுந்தார். அந்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. இறந்தோருக்கான இலத்தீன் திருப்பலிக்கு இசை எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. 1915இல் யேனாவில் வீடு வாங்கிக் குடியேறினார். அங்கிருந்து வாரந்தோறும் ரயிலேறி லைப்சிக் போய் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1916 மே 10ஆம் நாளும் போனார். மறுநாள் லைப்சிக் விடுதி அறையில், கட்டிலிலேயே, உயிரற்றவராகக் கண்டெடுக்கப்பட்டார். மாரடைப்பு. வயது நாற்பத்து மூன்று. அவர் பக்கத்தில் அச்சகத்திலிருந்து வந்த திருத்தப் படிகள் இருந்தன. அவர் எழுதிய எட்டு பக்திப் பாடல்களின் படிகள். மனிதன் இவ்வுலகில் இருப்பது சிறிது காலமே, என்றும் இருப்பவர் கடவுள் ஒருவரே என்ற கருத்தைச் சொல்லும் பாடல் அவற்றில் முதலாவது.

பந்தியிலிருந்து விலக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழித்தும், கடைசி இரவில் அவர் கைப்பக்கம் இருந்தது கடவுளைப் பாடும் தாள்தான். ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் சொல்வதை இங்கே வைத்துப் பாருங்கள். ஆடு ஆயனின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆயனின் கை அந்த ஆட்டை விடவே இல்லை என்று நம்ப நமக்கு உரிமை உண்டு.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் பங்கில், உங்கள் உறவில், வாசலில் நிற்கும் ஒருவர் யார் என்று யோசியுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், விசாரிக்க வேண்டாம். பாடல் தொடங்கும்போது அவரோடு சேர்ந்து பாடுங்கள். அது போதும்.

மன்றாடுவோம்:

நல்லாயனாகிய ஆண்டவரே, உமது கையிலிருந்து எங்களை எவரும் பறிக்க முடியாது என்று வாக்களித்தவரே, உமக்கு நன்றி. உம் பந்தியருகே வர முடியாமல் ஏங்கும் எங்கள் சகோதர சகோதரிகளை உம் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். அவர்களைப் புண்படுத்திய எங்கள் கண்களையும் நாவையும் குணமாக்கும். உமது புகழைப் பாடியே வாழ்நாளைக் கழித்த உம் அடியார் மாக்ஸ் ரேகருக்கும், எங்கள் குடும்பங்களில் இறந்த அனைவருக்கும் நிலையான இளைப்பாற்றியைத் தாரும். நாங்கள் எல்லாரும் ஒருநாள் உமது வீட்டின் வாசலுக்குள் நன்றியோடு நுழைந்து, ஒரே குரலாக உம்மைப் பாட அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.